வளரும் நாடுகளின் தொழில்களை ஆய்வு செய்வது எப்படி? சிங்கப்பூரிலிருந்து கிளம்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் என்னைச் சந்திக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் வேலை பார்த்துக்கொண்டே எம்பிஏவோ பிஎச்டியோ படிப்பவர்கள். ஆய்வு மட்டும் கடல் தாண்டி இருக்கும். திருப்பூர் பனியன் கம்பெனி, யாழ்ப்பாணத்துத் தையல் கடை, இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் ஒரு வரிசை சிறு உணவகங்கள். பையைத் திறந்ததும் முதலில் மேசைக்கு வருவது கேள்வித்தாள். அறுபது, எழுபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம், "முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்" தொடங்கி.

"நீங்கள் ஆய்வு செய்யப்போகும் கடைகளில் ஏதாவது ஒன்றிலாவது அரைநாள் உட்கார்ந்திருக்கிறீர்களா?" என்று கேட்பேன். இல்லை என்பதுதான் அநேகமாகப் பதில்.

அதனால் இந்த வழிகாட்டியில் கேள்வித்தாள் எட்டாவது படியில்தான் வரும். அதற்கு முன்னால் உள்ள ஏழு படிகளையும் தாண்டிக் குதித்தால், பதில்கள் வரும், எண்கள் வரும், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் அட்டவணை போட்டுக் கொடுக்கும். அந்த எண்களுக்கும் அந்தக் கடைக்கும் சம்பந்தம் இருக்காது.

முதல் படி: எந்த நாடு, எந்த ஆண்டு, எந்தத் தெரு

"வளரும் பொருளியல்" என்று தலைப்பில் எழுதிவிட்டு அப்படியே நகர்ந்துவிடாதீர்கள். உலக வங்கி நாடுகளை தலா வருமானத்தை வைத்து நான்காகப் பிரிக்கிறது, அந்தப் பட்டியல் ஆண்டுதோறும் ஜூலையில் மாறும். இலங்கை 2019ல் உயர் நடுத்தர வருமானப் பிரிவுக்கு ஏறியது, 2020ல் கீழே இறங்கியது. இந்தோனேசியா 2020ல் ஏறி, 2021ல் இறங்கி, 2023ல் மறுபடி ஏறியது. அந்தக் கடைகளில் ஒன்றும் மாறியிருக்காது. ஆகவே எந்த ஆண்டின் எந்த வகைப்பாடு என்று எழுதுங்கள். அதைவிட முக்கியம், இந்த நாட்டின் எந்தக் குணம் உங்கள் கேள்விக்குத் தேவைப்படுகிறது என்பது. வங்கிக் கடன் கிடைக்காததா? வழக்குப் போட்டால் பத்து வருஷம் இழுப்பதா? தொழில் பதிவு இல்லாமலேயே நடப்பதா? "வளரும் நாடு" என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்தக் குணத்தை அங்கே வையுங்கள். பாதித் தெளிவு அப்போதே வந்துவிடும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 1960ல் ஐக்கிய நாடுகள் சபையின் குழுவுக்குத் தலைமை தாங்கி டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸ் சிங்கப்பூரில் வந்திறங்கியபோது, ஆய்வு செய்யப்பட்ட வளரும் நாடு நம்முடையதுதான். அடுத்த ஆண்டே பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைந்தது. நம் தாத்தா பாட்டி பதில் சொன்ன பக்கத்தில் இருந்தவர்கள். அந்த நினைப்போடு ஊருக்குப் போகிறவர் கேட்கும் தொனியே வேறாக இருக்கும்.

இரண்டாம் படி: கோட்பாடு எங்கே பிறந்தது என்று பாருங்கள்

நிர்வாகவியல் பாடத்தில் நாம் படிப்பதில் பெரும்பங்கு அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களைப் பார்த்து எழுதப்பட்டது. ஒரு நிறுவனம் தனக்குத் தெரிந்த ஒரே தொழிலில் கவனம் வைக்க வேண்டும், உப்பு முதல் மென்பொருள் வரை எல்லாவற்றிலும் கால் வைப்பது தவறு என்பது அதில் ஒன்று. தருண் கன்னாவும் கிருஷ்ண பலேபுவும் 1997ல் இதைத் திருப்பிப் போட்டார்கள். தரகர், தணிக்கையாளர், நம்பகமான நீதிமன்றம், வேலைக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் அமைப்பு எல்லாம் பலவீனமாக உள்ள சந்தையில், அந்த வேலைகளை ஒரு பெரிய குழுமம் தனக்குள்ளேயே செய்துகொள்கிறது, ஆகவே பல தொழில்களில் இருப்பது அங்கே பலமாகவும் அமையலாம் என்றார்கள். அப்படி இல்லாமல் போன அமைப்புகளுக்கு அவர்கள் வைத்த பெயர் நிறுவன வெற்றிடங்கள்.

உங்கள் கோட்பாட்டையும் இதே மாதிரி உரசிப் பாருங்கள். அது சரியாக இருக்க வேண்டுமானால் சுற்றிலும் என்னென்ன இருந்தாக வேண்டும்? ஒரு தாளில் எழுதுங்கள். அதில் எது அந்த ஊரில் இல்லை? இல்லாததன் இடத்தில் என்ன இருக்கிறது? கடைசிக் கேள்விதான் பொன். வெற்றிடம் என்று சொல்கிறோமே தவிர, அங்கே ஏதோ ஒன்று எப்போதும் உட்கார்ந்திருக்கிறது: சொந்தபந்தம், சாதி, ஊர்ப் பழக்கம், சீட்டு.

திருப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004ல் வெளியிட்ட ஆய்வு, அங்குள்ள பின்னலாடைத் தொழிலில் உள்ளூர்க் கவுண்டர் சமூகத்தவரின் நிறுவனங்களையும் வெளியூரிலிருந்து வந்தவர்களின் நிறுவனங்களையும் ஒப்பிட்டது. கவுண்டர் நிறுவனங்களில் போட்ட முதல் அதிகம். ஆனால் வெளியாரின் உற்பத்தி வேகமாக வளர்ந்து அவர்களை முந்தியது. முதல் எங்கே நன்றாக வேலை செய்யுமோ அங்கே போகவில்லை, உறவு வழி கிடைக்கிற இடத்துக்குப் போயிருக்கிறது. மூலதனச் சந்தை பற்றிய பாடத்தை மட்டும் கையில் வைத்திருந்தவருக்கு இந்தக் கேள்வியே தோன்றியிருக்காது.

நிக்கோலஸ் புளூம் குழுவினர் 2013ல் வெளியிட்டதும் அப்படித்தான். மும்பையைச் சுற்றியுள்ள 17 ஜவுளி நிறுவனங்களின் 28 ஆலைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் சிலவற்றுக்கு மட்டும் நிர்வாக ஆலோசனை கொடுத்தார்கள். முதல் ஆண்டிலேயே அந்த ஆலைகளின் உற்பத்தித் திறன் 17 விழுக்காடு கூடியது. எல்லாரும் மேற்கோள் காட்டுவது இந்த எண்ணைத்தான். எனக்குப் பிடித்தது உள்ளே இருக்கும் வேறொரு செய்தி. ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைச் சொல்ல, நிர்வாகத் திறமையைவிடக் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்பது நெருக்கமாகப் பொருந்தியது. வெளியாளை நம்பி ஆலைச் சாவியைக் கொடுக்க முதலாளிக்கு மனம் வரவில்லை, அண்ணன் தம்பி எண்ணிக்கை தீர்ந்ததும் வளர்ச்சியும் நின்றுவிடுகிறது.

மூன்றாம் படி: போய் உட்காருங்கள்

விமானச்சீட்டு எடுத்து ஒரு வாரம் போய் வாருங்கள். கேள்வித்தாள் வேண்டாம், சின்ன நோட்டு போதும்.

காரைக்குடிப் பக்கம் ஒரு மளிகைக் கடையில் நான் காலை ஏழிலிருந்து மதியம் வரை உட்கார்ந்த நாளைச் சொல்கிறேன். கடை நடத்துவது ஓர் அம்மா. ஏழரைக்கு இரண்டு பால் பாக்கெட் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்துப் பின்பக்கம் வீட்டு அடுப்படிக்குப் போனது. எட்டு மணிக்குப் பையன் வந்து கல்லாவில் கையை விட்டு வேன் காசை எடுத்துக்கொண்டு ஓடினான். கடன் நோட்டில் பெயர்கள் "மாடி வீட்டு அக்கா", "டெய்லர்", "மேலத்தெரு தாத்தா" என்று இருந்தன. பத்து மணிக்கு பிஸ்கட் கம்பெனி லைன் ஆள் வந்தார். பழைய பாக்கிக்கு அன்றைய கல்லாவை அப்படியே வழித்துக் கொடுத்தார் அந்த அம்மா. பதினொன்றுக்குச் சீட்டுக்காரர். யாருக்கும் எந்த ரசீதும் இல்லை, எல்லாம் இரண்டு தரப்புக்கும் மனப்பாடம்.

"மாசம் லாபம் எவ்வளவும்மா நிக்கும்?" என்று கேட்டேன்.

"லாபமா? அதெல்லாம் எங்க தம்பி. ஏதோ பொழப்பு ஓடுது."

அவர் மறைக்கவில்லை. லாபம் என்று தனியாக ஒன்று அந்தக் கடையில் ஓரிடத்தில் சேர்வதே கிடையாது. பாலாகவும் வேன் காசாகவும் சீட்டாகவும் அது நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கிறது. இங்கே சிங்கப்பூரில் உட்கார்ந்து நான் எழுதி வைத்திருந்த "மாதாந்திர நிகர லாபம்" என்ற கட்டம் அந்தக் காலையில் செத்துப்போனது.

உட்காரும்போது பார்க்க வேண்டியது: கல்லாவில் யார் யார் கை போகிறது, சரக்கு எப்படி வருகிறது, யாருக்குக் கடன், யாருக்கு மறுப்பு, முதலாளி யாரிடம் ஃபோனில் குரல் தாழ்த்திப் பேசுகிறார். அன்று இரவே விரிவாக எழுதிவிடுங்கள். மறுநாள் பாதி மறந்திருக்கும்.

நான்காம் படி: எதை "நிறுவனம்" என்று எண்ணப்போகிறீர்கள்

இதை ஒரு பத்தியில் முடிக்க முடியாது, ஏனென்றால் பெரிய ஆய்வாளர்களே இதில் தடுக்கியிருக்கிறார்கள்.

இலங்கையில் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டபர் வுட்ரஃப் மூவரும் சிறு தொழில்காரர்களுக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபாய் பெறுமான உதவியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008ல் வெளியான முடிவு, போட்ட முதலுக்கு மாதம் ஏறக்குறைய 5 விழுக்காடு பலன் என்றது. எந்த வங்கி வட்டியையும் விட மிக அதிகம். ஆனால் ஆண்களையும் பெண்களையும் பிரித்துப் பார்த்தபோது, பெண்களின் தொழிலில் பலன் ஒன்றுமே தெரியவில்லை. பெண்களுக்குத் தொழில் வராது என்று இதை வைத்துப் பேசியவர்கள் உண்டு.

2019ல் ஆரியெல் பெர்ன்ஹார்ட், எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே, நடாலியா ரிகோல் நால்வரும் இந்தியா, கானா, இலங்கைத் தரவுகளைக் குடும்ப அளவில் வைத்துத் திரும்பப் பார்த்தார்கள். ஒரே வீட்டில் கணவருக்கும் தொழில் இருந்தால், மனைவி பெயரில் வந்த பணம் அங்கே போயிருக்கிறது. வீட்டின் மொத்த வருமானத்தைப் பார்த்தால், பணம் ஆண் கையில் கொடுக்கப்பட்டதா பெண் கையிலா என்பதில் வித்தியாசம் இல்லை. வீட்டில் அந்தப் பெண் மட்டுமே தொழில் செய்தால் பலனும் நன்றாகவே தெரிந்தது. குறை பெண்களிடம் இல்லை, எண்ணிய பெட்டியில் இருந்தது.

ஆகவே கடையா, முதலாளியா, குடும்பமா, அல்லது நாலு அண்ணன் தம்பிகளின் நாலு கம்பெனிகளும் சேர்ந்த ஒரே தொழிலா என்று இப்போதே முடிவு செய்யுங்கள். திருப்பூரில் ஒரே வளாகத்தில் மூன்று பெயர்ப்பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று நிறுவனம் என்று எழுதுவதா, ஒன்று என்பதா? எது சரி என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் காரணத்தை எழுதிவையுங்கள்.

ஐந்தாம் படி: ஏற்கெனவே உள்ள தரவைச் சந்தேகத்தோடு எடுங்கள்

உலக வங்கியின் நிறுவனக் கணக்கெடுப்புகள், இந்தியாவின் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு இவையெல்லாம் நல்ல தொடக்கம். பெரும்பாலும் பதிவு பெற்ற நிறுவனங்களைத்தான் அவை பிடிக்கும் என்பதை மறக்காதீர்கள். காரைக்குடி அம்மா எதிலும் இருக்கமாட்டார்.

வரையறை மாறிய இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் குறுந்தொழில் என்றால் 2020 ஜூலை முதல் ஒரு கோடி ரூபாய் முதலீடும் ஐந்து கோடி விற்றுமுதலும் உச்சவரம்பு. 2025 ஏப்ரல் முதல் அது இரண்டரைக் கோடியும் பத்துக் கோடியும் ஆனது. இரண்டையும் ஒட்டிவைத்து "குறுந்தொழில்கள் பெருகின" என்று எழுதினால் அது உங்கள் தவறு. அதே போல 2016 நவம்பர் 8 பணமதிப்பு நீக்கம், 2017 ஜூலை சரக்கு சேவை வரி, 2022 இலங்கை நெருக்கடி ஆகியவை எந்தத் தொடரையும் நடுவில் வெட்டிவிடும்.

தரப்பட்டியல்களைப் பற்றி ஒரு வார்த்தை. சிங்கப்பூர் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த, தொழில் நடத்த எளிதான நாடுகளின் உலக வங்கிப் பட்டியலை 2021 செப்டம்பரில் அந்த வங்கியே நிறுத்தியது. 2018, 2020 பதிப்புகளின் தரவில் முறைகேடுகள் இருந்தது வெளிவந்ததுதான் காரணம். அதற்குள் அந்த எண்களை வைத்து எத்தனையோ ஆய்வேடுகள் எழுதப்பட்டிருந்தன. பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

ஆறாம் படி: அனுமதிகள்

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கைக்கு வரும் முன் ஒரு பதிலைக்கூடச் சேகரிக்கக் கூடாது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும், முன்கூட்டியே போடுங்கள். இங்கே 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உண்டு. இலங்கை 2022லும் இந்தியா 2023லும் தங்கள் சட்டங்களை நிறைவேற்றின. இந்தோனேசியாவில் ஆய்வு செய்யும் வெளிநாட்டவர் அந்நாட்டின் தேசிய ஆய்வு நிறுவனமான பிரினிடம் அனுமதி பெற வேண்டும். ஹார்பர்ஃபிரண்டில் படகேறினால் ஒரு மணி நேரத்தில் பாத்தாம், சுற்றுலாப் பயணியாகப் போய்க் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்று நினைப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். செய்யாதீர்கள்.

ஒப்புதல் படிவம் தனிச் சிக்கல். நாலு பக்கத் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் சிறு கடைக்காரருக்கு வரி ஆபீஸ் ஞாபகம் வரும், அல்லது கடன் பத்திரம். வாய்மொழி ஒப்புதலுக்கு நெறிமுறைக் குழுவிடம் முன்பே காரணத்தோடு அனுமதி கேளுங்கள். என்ன சொல்வீர்கள் என்பதைப் பேச்சுத் தமிழில் எழுதிக் கொடுங்கள். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. "ஊரிலேயே பெரிய சாயப்பட்டறை" என்று எழுதினால் ஊருக்கே தெரியும் யாரென்று.

ஏழாம் படி: யாரிடம் கேட்பது

பதிவேடு இல்லாத இடத்தில் பட்டியலை நீங்களே உண்டாக்க வேண்டும். தெருக்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பக்கமும் நடந்து, ஒவ்வொரு தொழிலையும் குறியுங்கள். மாடியில் உள்ள தையல் மிஷின், வீட்டு வாசலில் இட்லி, மாலை ஆறுக்கு மேல் மட்டும் வரும் தள்ளுவண்டி எல்லாம் சேர்த்தி. ஆகவே காலையும் மாலையும் இரண்டு முறை நடக்க வேண்டும். பிறகு அந்தப் பட்டியலிலிருந்து ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று என்று எடுங்கள். தெரிந்தவர் மூலம் தெரிந்தவர் என்று போனால் ஒரே சாதி, ஒரே சங்கம், ஒரே மாதிரி வெற்றி பெற்றவர்கள்தான் கிடைப்பார்கள்.

மூடிய கடைகளையும் குறியுங்கள். பக்கத்துக் கடையில் கேட்டால் எப்போது, ஏன் மூடினார்கள் என்று சொல்வார்கள். பிழைத்தவர்களை மட்டும் கேட்டுவிட்டு வெற்றிக்குக் காரணம் கண்டுபிடித்ததாக எழுதும் ஆய்வுகள் ஏராளம்.

எட்டாம் படி: இப்போது கேள்வித்தாள்

ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்ப்பவர்கள், இன்னொருவரை வைத்து அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி ஒப்பிடுவது வழக்கம். ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970ல் எழுதிய காலத்திலிருந்து இருக்கும் நல்ல பழக்கம்தான். ஆனால் அது பிடிக்காத தவறுகள் உண்டு. ஒரு மாணவி, சரக்குக் கொடுப்பவரிடம் உள்ள நம்பிக்கையை அளக்கக் கேள்வி வைத்திருந்தார். நம்பிக்கை என்றால் தமிழில் கடவுள் நம்பிக்கையும்தான், நாளைக்கு நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையும்தான். கடைக்காரர்கள் எல்லாரும் "ரொம்ப நம்பிக்கையா இருக்கேன் மா" என்று ஐந்தாவது கட்டத்தைக் காட்டினார்கள். வியாபாரத்தில் இதற்குப் புழங்கும் சொல் நாணயம். "அவர் நாணயமான ஆளா? பணம் முன்னாடியே கொடுத்துட்டு வரலாமா?" என்று மாற்றியதும் பதில்கள் ஒன்றிலிருந்து ஐந்து வரை பிரிந்தன.

கடனுக்கும் அப்படியே. "கடன் வாங்கியிருக்கிறீர்களா" என்றால் இல்லை என்பார்கள். கைமாத்து, சீட்டு எடுத்தது, நகை அடகு, லைன் ஆளிடம் பாக்கி என்று தனித்தனியாகக் கேளுங்கள். அவர்களைப் பொறுத்தவரை இவற்றில் சில கடனே கிடையாது.

லாபத்துக்கு வருவோம். இலங்கையில் உதவி கொடுத்துப் பார்த்த அந்த மூவருமே 2009ல் இதற்கென்று ஒரு கட்டுரை எழுதினார்கள். வரவையும் செலவையும் வரிவரியாகக் கேட்டுக் கழித்துப் பார்ப்பதைவிட, லாபத்தை நேராகக் கேட்பதே உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. விற்பனையைக் கேட்டால் சுமார் 30 விழுக்காடு குறைத்தே சொன்னார்கள். இந்த மாதம் வாங்கிய சரக்கு அடுத்த மாதம் விற்பதாலும் கணக்கு உதைக்கும். நேராகக் கேட்பது என்றால் நான் அந்த அம்மாவிடம் கேட்ட மாதிரி மொட்டையாகக் கேட்பதல்ல. "போன மாசம் சரக்கு, வாடகை, ஆள் கூலி எல்லாம் போக, நீங்க வீட்டுக்கு எடுத்துக்கிட்டதையும் சேர்த்து, கடை எவ்வளவு கொடுத்திருக்கும்?" என்று பின்னால் கேட்டேன். விரல் விட்டு எண்ணி, அரை நிமிஷத்தில் ஒரு தொகை சொன்னார்.

எந்த மாதம் என்பதையும் யோசியுங்கள். ஆடியில் கேட்ட ஜவுளிக் கடையும் தீபாவளிக்கு முந்தின வாரம் கேட்ட ஜவுளிக் கடையும் ஒன்றாகாது. முடிந்தால் ஆண்டில் இரண்டு முறை போங்கள்.

சோதனை ஓட்டத்தை இங்கேயே ஆரம்பிக்கலாம். ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் புதுக்கோட்டை, சிவகங்கைத் தம்பிகளிடம் கேள்விகளை வாசித்துக் காட்டி, எந்தச் சொல்லில் முகம் சுருங்குகிறது என்று பாருங்கள். அவர்களில் சிலர் ஊரில் உள்ள கடைக்கு முதல் அனுப்புகிறவர்கள், அதுவே தனி ஆய்வுக்கு விஷயம். சொற்களைச் சரிபார்க்க மட்டும்தான் இது. எண்களை நம்ப ஊரில் இருபது கடையில் இன்னொரு சோதனை தேவை. அப்புறம் இதற்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும்.

ஒன்பதாம் படி: கணக்கு

இங்கே வழிகாட்ட நல்ல புள்ளியியல் புத்தகங்கள் நிறைய உண்டு. என் பங்குக்கு மூன்று விஷயம். சராசரியோடு இடைநிலை அளவையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) கொடுங்கள், ஏனென்றால் ஒரே ஒரு பெரிய கடை சராசரியைத் தூக்கிவிடும். நிர்வாகத் திறமையையும் லாபத்தையும் ஒரே ஆளிடம் ஒரே உட்காரலில் கேட்டிருந்தால், அவர் மனநிலையே இரண்டையும் இணைத்துக் காட்டும். ஒன்றையாவது கண்ணால் பார்த்தோ நோட்டைப் புரட்டியோ எடுங்கள். மூன்றாவது, முடிவு வரும் முன்பே எதைச் சோதிக்கப்போகிறீர்கள் என்று தேதியிட்டு எழுதி மேற்பார்வையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

பத்தாம் படி: எழுதுவதும் திருப்பிக் கொடுப்பதும்

ஆசிய நிர்வாக ஆய்வுக்கென ஏஷியா பசிபிக் ஜர்னல் ஆஃப் மேனேஜ்மென்ட் என்ற இதழ் 1983ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. அதன் பழைய இதழ்களைப் புரட்டினால் கேள்விகள் எப்படி மாறி வந்தன என்று தெரியும். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் ஏற்றுக்கொள்கிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குப் பதிலே போடாதீர்கள்.

ஆய்வேடு முடிந்ததும் ஒரு பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் என்ன கண்டீர்கள் என்று எழுதிப் பதில் சொன்ன கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். இந்தோனேசியாவென்றால் மலாய் தெரிந்த நண்பரை நம்பாமல் இந்தோனேசிய மொழிக்காரரை வைத்து எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து நான் அந்தப் பக்கத்தோடு போனபோது, மளிகைக் கடை அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் வாசித்தார். தன் கடை எது என்று பெயர் இல்லாமலே கண்டுபிடித்தார், அது என் தவறு, அடுத்த பதிப்பில் மாற்றினேன். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார்.

"வீட்டுக்குப் போற பாலை இதுல சேர்க்கலையே தம்பி?"

சேர்க்கவில்லைதான். அந்த ஊரின் மற்ற கடைகளுக்கும் திரும்பப் போய், வீட்டுக்கு எடுத்த சரக்கை மட்டும் தனியாகக் கேட்டு, அட்டவணையைத் திருத்த எனக்கு இன்னும் இரண்டு வாரம் ஆனது.